நான்கு விரல் மண்ணுக்கு வேலி

என் நிலத்தில் மண் நான்கு விரல் ஆழம். அதற்குக் கீழே பாறை. பாறைக்குக் கீழே வேலி அலுவலகம்.

வேலி இல்லாத நிலம் இன்று மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து நிலமாகிவிடும். இது விதி. பக்கத்து நிலம் சென்னியப்பனுடையது. பத்து நாட்களாக அது எங்கள் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் மரியாதையானவர். நிலம் நகர நகர, அவரும் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. நானொண்ணும் வரலீங்க. நெலந்தான் வருது."

காலையில் அது சமையலறைக்குள் பாதி வந்துவிட்டது. தோசைக்கல் அவருடையதாயிற்று. என் மனைவி பாவாத்தாளின் வலது கையும் அவருடையதாயிற்று. இடது கையால் எனக்குச் சோறு போட்டாள். வலது கை சென்னியப்பனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் நானே அந்தப் பக்கந்தானுங். வேலி போடற நெனப்பு இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்றாள்.

நான் யோசித்தேன். அதற்குள் அவள் தோளும் போய்விட்டது.

கிணற்றுப் படிகளில் இறங்கி அலுவலகத்துக்குப் போனேன். நான் நடக்க நடக்க நடைவழி நீண்டது. நின்றேன். அதுவும் நின்றது. பிறகு களைத்துப்போய்ச் சுருங்கியது. அதன் முடிவில் கோகிலமணி என்கிற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். என் பாறைதான் அவருக்குக் கூரை.

"வேர் நாலு விரலுக்கு மேல எறங்கக் கூடாதுங்க. போன வருசம் ஒருத்தர் வேம்பு வெச்சார். கூரை ஒழுகி, மூணு மாசம் கொடை புடிச்சுட்டு சீல் குத்துனோம்."

"வேலி நின்னுட்டா?"

"அஞ்சுக்கு முன்ன நின்னுட்டா, உள்ள இருக்கறதெல்லாம் உங்களுது. பாத்து எடுங்க."

வேலி வேலைக்கு வந்த செடிகள் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

முதலில் வேலிக்கருவேல் வந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டது.

"வேர் எவ்வளவு?" என்று கேட்டார் கோகிலமணி.

"நூறடி."

"வெளிய போங்க."

அடுத்தது மருதாணி. அது என்னைத்தான் விசாரித்தது.

"தண்ணி ஊத்துவீங்களா?"

"மழை ஊத்தும்."

"பாறை சுடுமா?"

"சித்திரையில சுடும்."

மருதாணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது. கற்றாழைக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. வீட்டில் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றது. மணி நான்கு.

பெஞ்சின் கோடியில் ஒரு கம்பு நின்றது. இலை இல்லை. கிளையிலிருந்து வெட்டிய கிளுவைப் போத்து.

"வேர்?" என்றார் கோகிலமணி.

"இன்னும் வரலீங்."

கோகிலமணி பேனாவைத் திறந்தார். வேர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இல்லாத வேரு எங்கீங்க எறங்கும்? கூட்டிட்டுப் போங்க. எத்தன வேணும்?"

"நானூறு."

சுவரோரம் சாய்ந்திருந்த நானூறு போத்துகளும் நிமிர்ந்தன.

பழைய எல்லையில் நட்டேன். போத்தின் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டுவார்கள். அடி எது, தலை எது என்று தெரியத்தான். எனக்கும் அது தெரியும். அவசரத்தில் நானூறையும் சாய்வு மேலே இருக்கும்படி ஊன்றிவிட்டேன். அப்போது ஐந்துக்கு ஒரு நிமிடம் இருந்தது.

சென்னியப்பன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, அத்தனையும் தலைகீழால்ல நிக்குது! ஒண்ணுகூடப் பொழைக்காதுங்களே!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாவாத்தாளின் இடது கண் மட்டும் என்னைப் பார்த்தது.

பிறகு போத்துகள் வேர் விட்டன. மேல்நோக்கி விட்டன. ஆகாயத்தில் ஆழத்துக்குக் குறைவில்லை. நானூறு போத்தின் வேர்களும் பனை உயரத்துக்கு எழுந்து, ஒரு கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாதபடி பின்னிக்கொண்டன. இலைகள் கீழே போயின.

பாறைக்கு அடியிலிருந்து கோகிலமணி கத்தினார். "கூரை ஒழுகலீங்க! இலையாத் தொங்குது, குளுகுளுன்னு இருக்குது! சீல் குத்திட்டேன்!"

மணி ஐந்து அடித்தது.

எல்லை தாண்டி வந்திருந்த நிலம் திரும்பிப் போகப் பார்த்தது. வேலியில் முட்டியது. இன்னொரு தடவை முட்டியது. பிறகு, உழைத்துவிட்டு வந்த மாடு போல என் காலடியில் படுத்துக்கொண்டது. அதில் மண் மூன்று ஆள் ஆழம் இருந்தது.

பாவாத்தாள் முழுதாக எழுந்து வந்தாள். இரண்டு கைகளாலும் கொண்டையை முடிந்துகொண்டாள்.

சென்னியப்பன் நான்கு பக்கமும் பார்த்தார்.

"அப்ப நானுமுங்களா?"

"வேலிக்குள்ள தானுங்களே இருக்கறீங்க" என்றாள் பாவாத்தாள். ஒரு மண்வெட்டியை அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று என்னைக் கேட்டார்.