மதிலுக்கு வெளியே ஒருத்தி

படம் ஒரே இருட்டு. கதையைச் சொல்லவில்லை, திரையைச் சொல்கிறேன். எங்கள் குலசேகரத்தில் ரப்பர் மரக் கொம்பு ஒடிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். நாகர்கோவில் தியேட்டரிலும் அதுதான் சங்கதி என்று நினைத்து ஃபோனில் லைட்டைப் போட்டேன். பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான்: "பாட்டா, அத அணையும். படமே அப்படித்தான்."

பக்கத்தில் என் பெண்டாட்டி ராகேல் சிரித்தாள். அவளுக்குக் கண் போய் இரண்டு வருஷமாகிறது.

கண் இருந்தபோது இந்தக் கதையின் முதல் புத்தகத்தை அவள்தான் எனக்கு வாசித்தாள், சபையில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில். ஒரு நகரம், சுற்றிலும் மதில். வேலைக்கு ஆகாதவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசியில் கண் தெரியாத ஒருத்தியைத் தள்ளுகிறார்கள். புருஷன் உள்ளே நிற்கிறான். அதோடு முடிந்தது. இரண்டாம் புத்தகத்தை மகள் ரெஜிலா வாங்கித் தந்தபோது ராகேலுக்குக் கண் இல்லை. நான் பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் படித்தவன். புத்தகம் அலமாரியில் கிடந்தது.

அந்தப் புருஷன் வெளியே வந்தானா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இரண்டாம் பாகம் படமாக வந்ததும், சினிமாக்காரனை நம்பாத நானே அவளைக் கூட்டிவந்தேன்.

இருட்டில் தெரிந்தமட்டும் அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மதில் கதவு திறந்தது. ராகேல் என் விரலைப் பிடித்தாள். அவன் வாசல்வரை வந்தான், நின்றான், திரும்பி உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

"வந்துட்டான்" என்றேன்.

அவள் என் விரலை விட்டாள். "காலடிச் சத்தம் தூரமா போச்சே. எதுக்குப் பொய் சொல்லுதீரு?"

வரவில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

வடசேரியில் ஊருக்குப் பஸ் ஏறினோம். தக்கலை தாண்டியதும், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்குமோ என்று கேட்டாள்.

"படம் எடுத்தவன் கள்ளன். அவன் சொன்னா நான் நம்புவனா? புத்தகம் இருக்குல்லா, பாப்போம்."

"ஆரு வாசிப்பா?"

"நான்."

"நீரா? அதுக்குள்ள நான் செத்துருவேன்."

"செத்துராதட்டி. கதை முடியட்டும்."

மறுநாள் சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிடலாமே என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. முதலிலிருந்துதான் வாசிக்க வேண்டுமாம். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். நாலாவது வரியில் ஒரு வார்த்தையை நான் முடிக்கும் முன்னமே அவள் ஊகித்துச் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நான்தானே வாசிக்கிறேன், சும்மா இரு என்றேன்.

"சரி, மெதுவா வாசியும்," என்று தலையணையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "நான் எங்க போவப் போறேன்?"