நாற்பத்து மூன்று கமலாசனி

எங்கள் வீட்டு மடிக்கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று முதலில் சொன்னவன் நான்தான். ஒரு சாமான் சும்மா இருக்கச் சூடாகுமா? திறந்தவுடன் அரிசி மில் மாதிரி இரைந்தது. மருமகள் யதுர்ஷிகா ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் வந்து சேருவதற்குள் வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய்விடலாம்.

அவளுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. அவுஸ்திரேலியாவில் வளர்கிற எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே தமிழ் படிப்பிக்கிற வேலை ஒன்று கேட்டிருந்தாள். போன சனிக்கிழமை மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். நடுப்பாடத்தில் படம் உறைந்துபோய், அந்தப் பக்கத்தில் அவள் வாயைத் திறந்தபடி நின்றாளாம். இன்னும் ஒரேயொரு தரம் பார்ப்போம், அதோடு சரி என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு தரம் இன்று காலை பத்து மணிக்கு. மகன் பிரசாந்தனுக்கு வவுனியாவில் வேலை, வர வழியில்லை. ஆகவே மாங்குளத்தில் கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிற நளீரைக் கூப்பிட்டாள்.

எனக்கு நளீரில் நம்பிக்கை இல்லை. திறந்து பார்க்கிறேன் என்று சொல்கிற எவனிலும் இல்லை. முன்பு எங்கள் தண்ணீர்ப் பம்பைத் திறந்து பார்த்த ஒருவன் பிறகு அதை மூடத் தெரியாமல் விட்டுவிட்டுப் போனான்.

ஒன்பது மணிக்கு வந்தான். மருமகள் சீலை மாற்றப் போனாள். நான் கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"ஐயா காவல் போல."

"ஓம். நீ கையை வை, நான் கண்ணை வைக்கிறன்."

சிரித்தான். "இதைக் கடைசியா எப்ப முழுசா நிப்பாட்டினது?"

"மூடி வைக்கிறதுதான்."

"அப்ப ஒருக்கா நிப்பாட்டிப் போடுவம். மெசினின்ர அரைவாசி வருத்தம் அதிலயே சுகமாகும்."

நான் அவன் கையை மறித்தேன். "நிப்பாட்டாத."

"ஏன் ஐயா?"

"உள்ளுக்க இருக்கிறது போயிடும்."

"என்ன இருக்கு?"

"அது உனக்கு என்னத்துக்கு? வேற வழி இருந்தாப் பார். இல்லாட்டி மோட்டச்சைக்கிளை எடு."

ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு என்னவோ தட்டினான். திரை முழுக்க ஒரு பட்டியல் வந்தது.

"இது இப்ப உள்ளுக்க ஓடிக்கொண்டிருக்கிற ஆக்களின்ர பேர். பக்கத்தில நிக்கிற இலக்கம், ஆர் எவ்வளவு தின்னுறான் எண்டது. பாருங்கோ, நூறு வீதத்தில தொண்ணூற்றேழு போட்டுது. மிச்சம் மூண்டை வச்சு அந்தப் பிள்ளை என்னெண்டு பாடம் எடுக்கிறது?"

பட்டியல் என்றாலே எனக்கு ஆகாது. ஆனால் உளவு பார்க்கிறவன் அதற்குள் இருந்தால் பிடிபடட்டும் என்று குனிந்து பார்த்தேன். நளீர் ஒரு மூலையில் அழுத்தினான். பட்டியல் கீழே விரிந்தது. விரலை வைத்து வாசித்தான்.

"மாமி ஒண்டு. மாமி ரெண்டு. மாமி மூண்டு..." உருட்டிக்கொண்டே போனான். "மாமி நாற்பத்திமூண்டு. ஐயா, ஆர் இந்த மாமி?"

நான் கூரையைப் பார்த்தேன்.

மாமி என்றால் என் மனுசி கமலாசனி. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று சுவிசுக்குப் போய் எட்டு மாதம். தொலைபேசியில் எனக்குக் கதைக்க வராது. ஓம், ஓம் என்றுவிட்டுக் கொடுத்துவிடுவேன். அதனால் அவள் தான் கதைப்பதைப் படம் பிடித்து அனுப்புவாள். எனக்குக் கண் மட்டு, தொலைபேசியில் பார்த்தால் தெரியாது. மருமகள் அதையெல்லாம் கணினியில் போட்டு, மாமி ஒன்று, மாமி இரண்டு என்று பெயர் எழுதி, இரண்டு தரம் தட்டினால் வருவா என்று காட்டித் தந்தாள். திறக்கக் காட்டினாள். மூடக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மருமகள் இல்லாத நேரத்தில்தான் நான் பார்ப்பது. சத்தத்தையும் குறைத்துவிடுவேன். கமலாசனி சொல்வது எனக்கு மனப்பாடம். இஞ்சாருங்கோ, மருந்து குடிச்சனீங்களே? மாட்டுக்குத் தண்ணி வச்சனீங்களே?

படத்தின் மேல் மூலையில் ஒரு சிறு கோடும் ஒரு பெருக்கல் குறியும் இருந்தன. கோட்டைத் தட்டினால் படம் கீழே போய்ப் பதுங்கும். பெருக்கல் குறியை நான் தொடவே இல்லை. சண்டை முடிந்த காலத்தில் முகாமில் ஒருவன் பதிவெடுக்கும்போது பிழையாக என் பெயருக்குப் பக்கத்தில், செத்தவர்களுக்குப் போடுகிற அந்தக் குறியைப் போட்டுவிட்டான். உயிரோடு நிற்கிறேன் என்று காட்ட எனக்கு மூன்று மாதம் எடுத்தது. கமலாசனிக்கு நான் அதைப் போடுவேனா?

எவ்வளவுதான் மறைத்தாலும் மணி ஒன்பதே கால். மருமகளின் வேலை போகிறது. முகாம் கதையோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

நளீர் சிரிக்கவில்லை. "பட்டியலில விழுற அந்தக் குறி எங்களுக்கும் தெரியும் ஐயா," என்றான். பிறகு, "கீழ போட்டா நிண்டுடுவா எண்டு நினைச்சியள். நிக்கேல்லை. நாற்பத்திமூண்டு பேரும் சத்தமில்லாம, திரும்பத் திரும்பக் கதைச்சுக்கொண்டு நிக்கினம். மெசின் பாவம்."

"ஒருத்தியையே ஐம்பது வருசமா என்னால சமாளிக்க ஏலாமக் கிடந்தது."

அப்போதுதான் சிரித்தான். "இப்ப பாருங்கோ." மாமி ஒன்றை மேலே எடுத்துப் பெருக்கல் குறியைத் தட்டினான். கமலாசனி பொக்கென்று போனாள். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். "பொறுங்கோ ஐயா." மறு கையால் இரண்டு தரம் தட்டினான். வந்தாள். அதே நீலச் சுவெற்றர், அதே மருந்துக் கதை.

"இது வெட்டுறது இல்லை. கதவைச் சாத்துறது. ஆள் வீட்டுக்கதான்."

"இன்னொருக்காக் காட்டு."

காட்டினான். மூன்றாம் தரமும் காட்டச் சொன்னேன். ஒரு தரம் சரிவந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

"மிச்சத்தை நான் ஒரேயடியாச் சாத்தட்டே?"

"விடு. நான் செய்யிறன்."

ஒவ்வொன்றாக எடுத்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் போகிற ஆள் போறன் என்று சொல்லக் கூடாது. போட்டு வாறன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாளே, ஆகவே நான் சொன்னேன். "போட்டு வா." தட்டினேன். "போட்டு வா." நளீர் பட்டியலை ஓரத்தில் வைத்து இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். எண்பது. அறுபத்தைந்து. நாற்பது. குழந்தையை மடியில் வைத்திருந்தவளிடம் கொஞ்சம் சுணங்கினேன். "ஐயா, மணி," என்றான். பதினொன்றில் வந்து நின்றது. மில் இரைச்சல் அடங்கி, வெளியே கோழி கொக்கரிப்பது கேட்டது.

யதுர்ஷிகா வந்தாள். "என்ன பிழை நளீரண்ணை?"

"தூசி, தங்கச்சி."

"தூசிதான்," என்றேன் நானும். திருத்த வந்தவனுக்கு நான் சாட்சி சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

பத்து மணிக்கு நான் முற்றத்தில் முருங்கைக்குக் கீழே நின்றேன். உள்ளே அவள் ஆடு, இலை, ஈ என்று சொல்ல, எங்கேயோ இரண்டு பிள்ளைகள் மழலையில் திருப்பிச் சொன்னார்கள். எந்த எழுத்தில் நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஔ வரை போனது.

முக்கால் மணித்தியாலத்தால் ஓடி வந்தாள். "என்னை வேலைக்கு எடுத்திட்டினம் மாமா! வாற கிழமையில இருந்து வகுப்பு!"

"நல்லது. தூசி படாமல் வச்சிரு."

"அந்தத் தூசிக்கு ஒண்டு, ரெண்டு எண்டு பேர் எழுதி வச்சது நான்தானே." கண் கலங்கிச் சிரித்தாள். "கதவுக்கு அங்கால நிண்டனான் மாமா. வாங்கோ, அங்க விடிஞ்சிட்டுது. மாமியை எடுத்துத் தாறன்."

கதிரையில் இருத்திவிட்டு வெளியே போனாள். திரையில் கமலாசனி நேரடியாக வந்தாள். தலை வாரி இழுக்கவில்லை, நித்திரை முகம். நான் மருந்து குடித்ததைச் சொன்னேன். மாடு, வாய்க்கால் தண்ணீர், மருமகளின் வேலை, எல்லாம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"இஞ்சாருங்கோ, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதே? நீங்கள் இவ்வளவு கதைக்கிற ஆள் இல்லையே."

"ஒண்டும் நடக்கேல்லை. மெசினுக்க உன்னை நாற்பத்திமூண்டு பேரா வச்சிருந்தனான். சூடாகுது எண்டு சாத்திப்போட்டன்."

விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தாள். குழந்தை எழும்பிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"ஒருத்தியையாவது விட்டு வச்சிருக்கலாமே."

"அந்த ஒருத்தியைத்தான் கேக்கிறன். எப்ப வாறாய்?"