பிடியில் உடைந்தவை

எங்கள் ஆய்வகத் தலைவரின் கணக்கு எளிது. சணல் நாரையும் மக்கும் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகையைக் காமா கதிரில் அளவாகக் காட்டினால் நாரும் பிசினும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன, வலு கூடுகிறது. ஆகவே ஐந்து மடங்கு காட்டினால் ஐந்து மடங்கு வலு. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போதாதென்று அட்டையோடு விழுங்கச் சொல்லும் அறிவு. அளவு மீறினால் நாரே நொறுங்கிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்தார். கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

அப்படி ஐந்து மடங்கு கதிர் காட்டிய பலகையில் செய்த நாற்பது குட்டி முக்காலிகள் என் மகள் படிக்கும் பாலர் பள்ளிக்குப் போகக் காத்திருந்தன. அறிக்கையில் என் கையெழுத்துதான் பாக்கி.

பலகையை உடையும்வரை இழுத்து வலுவைச் சோதிக்கும் இயந்திரத்தை ஓட்டும் அக்கா அதன் பத்துத் துண்டுகளை இழுத்துப் பார்த்தார். ஏழு துண்டுகள் பாதி இழுப்புக்கே பட்டென்று நடுவில் உடைந்தன. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: இயந்திரம் கவ்வும் பிடியில் உடைந்த துண்டு கணக்கில் வராது, அது பலகையின் குற்றமல்ல, பிடியின் குற்றம். தலைவர் ஏழையும் அந்த விதிக்குள் தள்ளச் சொன்னார். மிஞ்சிய மூன்றின் சராசரி அமோகம்.

"தம்பி, எல்லாம் நடுவுலதானே உடைஞ்சுது. நீங்களும் பாத்தீங்கல்ல?" என்றார் அக்கா.

பார்த்தேன். கண் வேலைக்கு வந்திருந்தது. முதுகெலும்புதான் விடுப்பில் இருந்தது. ஏழுக்கும் நேரே 'பிடி' என்று எழுதினேன்.

மறுநாள் தலைமையாசிரியை வந்தார். தலைவர் முக்காலியின் வலுவைப் பற்றி அரை மணி நேரம் நின்றபடியே பேசினார், ஒன்றிலும் உட்காரவில்லை. என் மகளோ எதிலும் குதித்துத்தான் உட்காருவாள். பேனாவை என்னிடம் நீட்டினார்கள்.

"நின்னுக்கிட்டு எழுதுனா கை நடுங்கும் சார்" என்று சொல்லி, அறிக்கைப்படி நூற்றைம்பது கிலோ தாங்கும் முக்காலியில் என் தொண்ணூற்றெட்டையும் இறக்கினேன்.

பட்.

நான் உட்கார்ந்த விதம் தவறு என்று தலைவர் விளக்கத் தொடங்கினார். அக்கா அவரை முடிக்க விடவில்லை.

"பிடியில உடைஞ்சிருக்கும் சார். கணக்குல எடுக்காதீங்க."

தலைமையாசிரியை என்ன பிடி என்று கேட்டார். எழுந்திருக்க முடியவில்லை, அறிக்கையைத் தரையிலிருந்தபடியே கேட்டு வாங்கினேன். ஏழு 'பிடி'களையும் அடித்து 'நடு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. போட்டவனும் அப்படித்தான் கிடந்தான்.