பரனிகோ கொடுத்துவிட்ட எர்த்துப் பட்டை

அந்த வண்டி நீலமா பச்சையா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. நீலம் என்றுதான் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவர் பச்சை என்று அடித்துச் சொன்னதும் என் நினைவிலும் அது பச்சையாகிவிட்டது. மேற்குக் காற்று தொடங்கிய மாதமா, அடங்கிய மாதமா என்பதும் அப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. ஆனால் சாவியைத் திருப்பியபோது இன்ஜின் ஒரு முனகல்கூட முனகவில்லை என்பதும், அதற்குப் பிறகு ஊர் கூடும் மன்றத்தில் நடந்ததும் மாறவே இல்லை. அன்று அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் அந்த இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

மோயாவுக்கு விடியலில் வலி எடுத்திருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று நர்ஸம்மா கையை விரித்துவிட்டாள். தலைநகரம் தராவாவுக்கு ரேடியோவில் பேசியாயிற்று. உச்சிப்பொழுதில் தீவின் வடமுனைக்கு விமானம் வரும், வெகுநேரம் நிற்காது. கடல் வற்றிக் காயல் முழுக்கச் சேறாகக் கிடந்ததால் படகில் போக வழியில்லை. மோட்டார் சைக்கிளில் படுக்க முடியாது. மோயாவைக் கிடத்திக்கொண்டு போக அந்த ஒரு வண்டிதான் இருந்தது. அதை ஓட்டுபவன் அவள் புருஷன் பரனிகோ.

அவளைப் பாயோடு தூக்கிப் பின்பக்கம் கிடத்தினார்கள். பரனிகோ சாவியைத் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை.

"பேட்டரி செத்துப்போச்சு," என்றான் பக்கத்து வீட்டு இளவட்டம் தேமாரி.

பரனிகோ ஹாரனை அழுத்தினான். கோழிகள் சிதறி ஓடின.

"செத்தவன் இப்படிக் கத்துவானாடா? போய் உங்க மதினியக் கூட்டிட்டு வா."

மதினி என்றது மோயாவின் அக்கா கதேயாவை. அவள் தராவாவில் ஒரு பட்டறையில் பல வருடம் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அதிகம் பேசமாட்டாள். ஊர் அவளைக் கெட்டிக்காரி என்றும் சொல்லும், கஞ்சப்பிசினாறி என்றும் சொல்லும். காரணம் அவளுடைய கருவிப் பெட்டியில் தொங்கிய பூட்டு.

எங்கள் தீவில் ஒருவர் 'புபூத்தி' என்று சொல்லி எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது. மறுப்பவன் முகத்தில் அந்த வெட்கம் சாகும்வரை ஒட்டியிருக்கும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அதைவிட வெட்கம். கதேயா ஊருக்கு வந்த புதிதில் வடக்கு ஊர்க்காரன் ஒருவன் பேட்டரிக்குப் பேட்டரி மின்சாரம் கடத்தும் அவளுடைய தடித்த ஜம்பர் வயரைக் கேட்டு வாங்கிப் போய்விட்டான். மறுநாள் பெட்டிக்குப் பூட்டு ஏறியது. அதோடு அவளும் யாரிடமும் எதையும் கேட்பதை விட்டாள். நாம் கேட்காவிட்டால் அவர்கள் எந்த முகத்தோடு நம்மிடம் கேட்பார்கள் என்பது அவள் கணக்கு.

அவள் வருவதற்குள் ஆண்கள் வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டிருந்தார்கள். தென்னந்தோப்பு முடியும் வரை தள்ளியும் இன்ஜின் பற்றவில்லை.

"பத்தாது," என்றாள் கதேயா, பானெட்டைத் தூக்கியபடி. "டீசலத் தொறந்து விடுற வால்வுக்கும் கரண்ட் வேணும். அதுக்கும் வரல."

"இதத் தள்றதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?" என்று மூச்சு வாங்கினான் தேமாரி.

அவள் பானெட்டுக்குள் குனிந்தாள். ஃபியூஸ்களைப் பார்த்தாள், எல்லாம் நன்றாகவே இருந்தன. அவளிடம் ஒரு டெஸ்ட் லாம்ப் உண்டு. கைப்பிடிக்குள் சின்ன பல்பு, ஒரு முனையில் முள், இன்னொரு முனையில் கவ்வி. கவ்வியை வண்டியின் உடம்பில் மாட்டி, முள்ளால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரைத் தொட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. மோட்டாரின் வாசல்வரை மின்சாரம் வந்து நிற்கிறது. பிறகு ஏன் உள்ளே போகமாட்டேன் என்கிறது?

"சாவியத் திருப்பி வை, மாப்ளே. டேஷ்போர்டுல ஆயில் லைட்டு எரியுதா?"

"இல்ல மதினி. இன்ஜின் நல்லாருக்குன்னு அர்த்தம், இல்லையா?"

"நிக்கிற இன்ஜினுக்கு அது எரியணும்."

 ஹெட்லைட், ஹாரன் என்று வண்டியின் உடம்பில் இருப்பவை எல்லாம் உயிரோடு இருக்கின்றன. செல்ஃப், டீசல் வால்வு, ஆயில் விளக்கின் சுவிட்ச் என்று இன்ஜினில் இருப்பவை எல்லாம் செத்துக் கிடக்கின்றன. கவ்வியை உடம்பிலிருந்து கழற்றி இன்ஜினின்மேல் மாட்டி, மறுபடியும் அதே வயரைத் தொட்டாள். பல்பு இருட்டாகவே இருந்தது.

மின்சாரம் போவதற்கு மட்டுமல்ல, திரும்பி வருவதற்கும் வழி வேண்டும். பேட்டரியிலிருந்து கம்பி வழியாகப் புறப்படும். வேலையை முடித்துவிட்டு வண்டியின் இரும்பு உடம்பு வழியாக வீடு திரும்பும். இன்ஜின் மட்டும் ரப்பர் மெத்தைகளின்மேல் உடம்பைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் இன்ஜினையும் உடம்பையும் சேர்க்க ஒரு செப்புப் பட்டை, எர்த்துப் பட்டை என்பார்கள், போட்டிருப்பார்கள். திரும்பும் வழி அடைபட்டால் மின்சாரம் புறப்படவே புறப்படாது. இன்ஜின் இப்போது பாலம் அறுந்த தீவு.

கதேயா குனிந்து அந்தப் பட்டையைத் தேடினாள். இரண்டு போல்ட்டுகள் மட்டும் மொட்டையாக நின்றன.

"மாப்ளே, இங்க ஒரு பட்டை இருந்திருக்கணும்."

பரனிகோ கடலைப் பார்த்தான்.

"எது மதினி? துணி மாதிரி பின்னியிருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"அதுல கரண்டே கிடையாது மதினி. மேல பிளாஸ்டிக்கூட இல்ல. தொட்டுப் பாத்தேன், சுள்ளுனுகூட இல்ல. ரெண்டு பக்கமும் வெறும் இரும்புலதான் மாட்டியிருந்துச்சு. அழகுக்கு வச்சிருக்கான்னு…"

"யாருக்குக் குடுத்தே?"

"பங்காளி இயோதெபாவுக்கு. போட்டுக்கு வேணும்னு புபூத்தி கேட்டுட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

பாயிலிருந்து மோயாவின் குரல் வந்தது. வலிக்கு நடுவிலும் அதில் கிண்டல் குறையவில்லை. "என்னைய யாரும் கேக்கலையேன்னு சந்தோஷப்பட்டுக்கறேன்."

"ஆனா அப்புறமும் வண்டி ஓடுச்சே!" என்றான் பரனிகோ. அழுகிற குரல். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எல்லாரையும் ஏத்திட்டுப் போனேனே! கொஞ்சம் சோம்பலா எந்திரிச்சுச்சு, அவ்வளவுதான்."

அது எப்படி முடியும்? கதேயா மறுபடியும் பானெட்டுக்குள் தலையை விட்டாள். உள்ளே கருகிய வாசனை இருந்தது. டேஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்கு ஒரு மெல்லிய இரும்புக் கேபிள் போகும். குளிர்ந்த இன்ஜின் அணையாமலிருக்கக் கையால் இழுத்து வைக்கும் கேபிள் அது. எங்கள் ஊர் வெயிலில் யாரும் அதைத் தொடுவதில்லை. அதன் மேலுறை மெழுகாக உருகி வழிந்திருந்தது. உள்ளே இருந்த கம்பி நீலம் பாரித்து, நடுவில் அறுந்திருந்தது.

அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். இத்தனை நாளும் மின்சாரம் இதன் வழியாகத்தான் வீடு திரும்பியிருக்கிறது. இன்ஜினையே புரட்டிப் போடுகிற வெள்ளம், ஒரு மீன்பிடி நரம்பு அளவுக் கம்பியில் நெரிந்து, அதைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டு போயிருக்கிறது. யாரும் வழி சொல்லவில்லை, தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. தெற்கே கற்பாலம் உடைந்தபோது ஜனங்கள் கடல் வற்றும் வரை காத்திருந்து, பவளப்பாறைமேல் காலைக் கிழித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனது அவளுக்கு நினைவு வந்தது. இவ்வளவு வருடம் வயர்களோடு கிடந்தவளுக்கு அன்றுதான் மின்சாரத்தைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது.

"அக்கா," என்றாள் மோயா. இந்த முறை கிண்டல் இல்லை.

பட்டை இயோதெபாவின் படகில் இருந்தது. படகு விடியலிலேயே சூரை மீனுக்குப் போய்விட்டது. பேட்டரியை இன்ஜின் பக்கம் நகர்த்தலாமா என்று பார்த்தாள், வயர் எட்டவில்லை. வடக்கு ஊர்க்காரன் வாங்கிப்போன ஜம்பர் வயரும் கைமாறிக் கைமாறித் தீவைவிட்டே போய்விட்டது; அவ்வளவு தடித்த செப்புக் கம்பி இப்போது தீவில் யார் வீட்டிலும் கிடையாது. மெல்லிய கம்பிகள்தான் உண்டு. ஒவ்வொன்றும் இந்தக் கேபிளைப் போலவே கருகி அறுந்துபோகும்.

அறுந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பட்டையை நினைத்துப் பார்த்தாள். அது மட்டும் என்ன, மெல்லிய கம்பிகளின் பின்னல்தானே?

அவள் மன்றத்துக்கு ஓடினாள். செய்தி கேட்டுப் பெரியவர்கள் காலையிலிருந்தே அங்கே கூடியிருந்தார்கள். குனிந்து கூரைக்குள் நுழைந்து, சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.  ஊருக்கு வந்த பிறகு அவள் யாரிடமும் ஒரு கை உப்புக்கூடக் கேட்டதில்லை.

"எனக்குக் கம்பி வேணும்," என்றாள். "ரேடியோ கம்பி, ஸ்பீக்கர் கம்பி, விளக்குக் கம்பி. இந்த ஊர்ல இருக்கற அத்தனை கம்பியும். புபூத்தி."

 கூரை ஓலையில் காற்று நடமாடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில் பாதி தனக்கு வர வேண்டியது என்று அவளுக்குத் தெரியும்.

மூத்தவர் கபூரே தொண்டையைக் கனைத்தார். "பூட்டுக்காரி கேக்குறா," என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் இருந்த ரேடியோவை எடுத்துத் தரையில் அவள் பக்கம் நகர்த்திவிட்டார். தராவா செய்திகளையும் சாவு அறிவிப்புகளையும் அவர் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. "இதோட சோலார் வயரு வீட்டுல இருக்கு. போதுமா?"

"போதாது மாமா."

"அப்ப எல்லாரும் எந்திரிங்க. என்ன பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"

கதேயா வீட்டிலிருந்து கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டைத் திறந்தாள். கட்டிங் பிளேயரைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். கிடைக்காதவர்கள் பல்லாலேயே பிளாஸ்டிக்கை உரித்தார்கள். சூரியப் பலகை வயர்கள் வந்தன. கோயில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் வந்தது. நர்ஸம்மா மின்விசிறியின் வயரை அறுத்துக் கொண்டுவந்தாள். தேமாரி தன் பெரிய ஸ்பீக்கரின் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"சனிக்கிழமை டான்ஸுக்கு என்ன பண்றது?"

"வாயால பாடு, காலால ஆடு," என்றார் கபூரே. "அதுக்கு வயரு வேணாம்."

உரித்த செப்புக் கம்பிகள் பாய்மேல் குவிந்தன. பிறகு நடந்ததைத்தான் கதேயா எப்போதும் மெதுவான குரலில் சொல்லுவாள். கூரையையும் படகையும் கட்டத் தேங்காய் நார் திரிக்கும் அதே கைகள் அவை. கிழவர்கள் கம்பிகளைத் தொடையில் வைத்து உருட்டினார்கள். பெண்கள் அந்தப் புரிகளை வாங்கிப் பின்னினார்கள். யாரும் யாரையும் அளவு கேட்கவில்லை. முழங்கை நீளத்துக்கு, மணிக்கட்டுப் பருமனில், வெயில் பட்ட நிறத்தில் ஒரு கயிறு அவர்கள் மடிகளிலிருந்து வளர்ந்து வந்தது. எது யார் வீட்டுக் கம்பி என்று யாராலும் சொல்ல முடியாது.

கதேயா போல்ட்டுகளைப் பவளக் கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்து, பின்னலின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை உடம்பிலும் முறுக்கினாள். டெஸ்ட் லாம்பின் கவ்வியை இன்ஜினில் மாட்டினாள். முள்ளை வைத்தாள்.

பல்பு எரிந்தது. சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"திருப்பு, மாப்ளே."

பின்னலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். செல்ஃப் ஒரு முறை உறுமியது. கைக்குக் கீழே செப்பு கதகதப்பாகியது. தூங்கும் குழந்தையின் கழுத்தில் கை வைத்தது போல. அவ்வளவு பெரிய வெள்ளம் எல்லோர் வீட்டுக் கம்பியிலும் பிரிந்து, ஒரு கம்பியும் கருகாமல், அமைதியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜின் இருமி, நடுங்கி, பற்றிக்கொண்டது.

ஒருவரும் கைதட்டவில்லை. கபூரே தலையிலிருந்து தொப்பியை எடுத்தார்.

கதேயா தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் பாட்டுச் சத்தம் கேட்கும் வீடுகள் அன்று ஊமையாக நின்றன. வடமுனையில் விமானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

மோயாவுக்குத் தராவாவில் அறுவை செய்து பெண் குழந்தை பிறந்தது. தாயும் மகளும் பிழைத்தார்கள்; அந்த மகள் இப்போது அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இயோதெபா அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்து, பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து பரனிகோ வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான்; அதை யாரும் மாட்டவில்லை. பரனிகோ வண்டி துருப்பிடித்து ஓயும்வரை அதையே ஓட்டினான், பிறகு மீன்பிடிக்கப் போனான். தேமாரி பழம் பறிக்க நியூசிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டான். கபூரே வேறு ரேடியோ வாங்காமலே இறந்துபோனார். கொடுத்த கம்பியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கதேயா தீவிலேயே இருக்கிறாள். அவள் பெட்டியில் பூட்டும் இல்லை, இப்போது அதிகக் கருவிகளும் இல்லை. வண்டி நிறமெல்லாம் உதிர்ந்து கோயிலுக்குப் பின்னால் கிடக்கிறது. போன முறை பார்த்தபோது பின்னல் பச்சை பூத்து அதிலேயே இருந்தது.