அழிக்கிற பட்டன் இல்லாத கேமரா

மிளகாவின் கைப்பேசியில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. அப்பா லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட்டு முடுக்குவது, தோழி சோடா மூக்கில் இருக்கும் கண்ணாடியை மேசை முழுக்கத் தேடுவது, பக்கத்து வீட்டுப் பூனை பதினேழு கோணத்தில். அம்மா மட்டும் ஒன்றில்கூட இல்லை.

எடுக்காமல் இல்லை. எடுத்த மறுநிமிஷம் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எங்க, காட்டு" என்பாள். பார்ப்பாள். கட்டைவிரலால் ஒரு அமுக்கு. போயிற்று. மின்சார பில்லை ஃபோனில் கட்டச் சொன்னால் திருதிருவென்று முழிப்பவளுக்கு, அழிக்கிற குப்பைத்தொட்டிப் படம் மட்டும் எந்தக் கைப்பேசியில் எந்த மூலையில் இருந்தாலும் தெரிந்துவிடும்.

விஷயம் பல்தான். அம்மாவுக்கு வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். பதினோரு வருஷம் முன்பு துணிவண்டியின் கைப்பிடி எகிறி அடித்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போனது. பல் போவது அழகு சம்பந்தப்பட்டது, காயத்தில் சேராது, நஷ்டஈடு கிடையாது என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மிளகா இன்னும் வைத்திருக்கிறாள். பத்து வயதில் எழுத்துக்கூட்டி வாசித்தபோது புரியாதது, பட்டப்படிப்பு முடித்து வாசித்தபோது நன்றாகவே புரிந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டம். அதை வாங்கிய நாளில் எடுத்த படம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதில் அம்மா உதட்டை ஒட்டி வைத்த தபால் உறை மாதிரி நிற்கிறாள். பெற்ற பெண் பட்டம் வாங்கிய சந்தோஷமா, யாராவது பிடித்துத் திட்டினார்களா என்று பார்ப்பவர் கேட்க வேண்டும்.

வேலை கிடைத்துவிட்டது, வேறு ஊரில். அடுத்த ஞாயிறு ரயில். போவதற்குள் அம்மா சிரிக்கிற படம் ஒன்று வேண்டும், வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம். அவ்வளவுதான் கேட்டாள். அதுவும் நடக்கவில்லை.

வழி சொன்னவள் சோடா. அவள் கண்ணாடி சோடாபாட்டிலின் அடிப்பாகம்போல இருக்கும். பேர் அதனால் வந்தது. படம் கழுவும் லேபில் வேலை. வாடிக்கையாளர் யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் கேமராவை அந்த வார ஆரம்பத்தில் கொண்டுவந்தாள்.

"இதுல பின்னாடி ஸ்கிரீனே கிடையாதுடீ. எடுத்தா எடுத்ததுதான். கழுவினாதான் தெரியும்."

"அப்போ அழிக்க முடியாது?"

"கடவுளே வந்தாலும் முடியாது."

மிளகா கேமராவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சமையலறையில் வைத்து சோடா ஃபிலிமை மாட்டினாள். அம்மா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை நுரை. சோடா கேமராவைத் திருப்பிப் பிடித்து, பார்க்கிற துளையில் தப்பான பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணை வைத்தாள்.

"ஏண்டி சோடா, மாட்டியிருக்கிற ரெண்டு கண்ணாடி பத்தலையா? மூணாவது வேற கேக்குதா?"

"ஆன்ட்டி, தூரத்துல ஒரு அழகி தெரியுறா."

"அது நம்ம வீட்டுப் பிரஷர் குக்கர்டி!"

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள், இடுப்பு மடங்க, தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டு. வாயைப் பொத்த வேண்டிய கை இரண்டும் நுரைக்குள் இருந்தன.

"எடுடீ, எடுடீ, சிரிக்கிறாங்க!" மிளகா சோடாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இருடீ. மாட்டும்போது வெளிச்சம் பட்ட ஃபிலிம் முன்னாடி கொஞ்சம் இருக்கும். ரெண்டு வெத்துக் கிளிக் போகணும். எண் ஒண்ணு வரட்டும்." சோடா எங்கேயோ பார்த்தபடி ஒன்று அமுக்கினாள், சக்கரத்தை உருட்டினாள், இன்னொன்று அமுக்கினாள். ஒன்று என்ற எண் வந்து நின்றபோது அம்மா கையைத் துடைத்தாகிவிட்டது. கை வாயில்.

"நல்லா மாட்டினே போ" என்றாள் மிளகா.

அந்த வாரம் முழுக்கக் கேமரா அவள் கழுத்தில் தொங்கியது. அப்பாவை ஆறு தடவை எடுத்தாள். ஆறு தடவையும் அவர், "ஒரு நிமிஷம் ஆபீசரம்மா" என்று சீப்பைத் தேடப் போய், கிரீஸ் கையோடு திரும்பிவந்து, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார். அம்மா பேருந்தில் தூங்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, பூனையைத் திட்டும்போது எடுத்தாள். ஒவ்வொரு தடவையும், "எங்க, காட்டு." "காட்ட முடியாதே!" அம்மாவின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்று தவித்தது. அதைப் பார்க்கவே மிளகாவுக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டைக் கொடுக்கிற சாக்கில் சலவைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே ஆவியும் சூடுமாக மூச்சு முட்டியது. அம்மாவும் அவள் ஜோடிக்காரியும் ஒரு விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். ஜோடிக்காரி காதில் விழாமல் ஏதோ சொன்னாள், அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் உப்பி எழுந்தது. மிளகா அமுக்கினாள். இருபத்திரண்டாவது படம். கிடைத்தது. வீடு வரை தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

சனிக்கிழமை காலை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். எட்டிப்பார்த்தாள்.

அம்மா ஜன்னலோரம் வெயிலில் நின்றிருந்தாள். கேமராவின் பின்கதவு பப்பரப்பா என்று திறந்திருந்தது.

"என்னடி இது, ஒண்ணுமே இல்லை? வெறும் பழுப்பு நாடாதான் இருக்கு. என்னோடது எது? அதை மட்டும் எடுத்துடலாம்னு பார்த்தேன்."

மிளகா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. "மூடு! மூடும்மா! எல்லாம் போச்சு! வெளிச்சம் பட்டா போயிடும்னு தெரியாதா? எதுவும் தெரியாது, ஆனா எல்லாத்தையும் திறந்து பார்க்கணும். படிக்காத ஜென்மம்!"

அப்பா வானொலியை அணைத்தார். வீட்டில் அந்தச் சொல்லை இதுவரை யாரும் சொன்னதில்லை. வெளியில் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களையெல்லாம் மிளகா சும்மா விட்டதில்லை.

அம்மா கதவை மெல்ல அழுத்தி மூடினாள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு படம்மா" என்றாள் மிளகா. "அங்க போய் ராத்திரி பகல் பார்த்துக்கிறதுக்கு ஒண்ணு. அதுக்குக்கூட ஏன் இப்படி?"

"நீதானேடி சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"ஏழாவது படிக்கிறப்போ. பரிசு கொடுத்தாங்களே, அன்னைக்கு. வாசல்லயே நிறுத்தி, 'டீச்சர் முன்னாடி வாயை மூடிக்கிட்டே சிரிம்மா'ன்னே. சரின்னு மூடினேன். அப்புறம் திறக்கச் சொல்லி யாரும் சொல்லலை."

விளக்கை அணைக்காமல் போனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

கோபப்பட வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று மிளகாவிடம் எப்போதும் உண்டு. கடிதம் எழுதியவன், கையெழுத்துப் போட்டவன், வண்டியைச் சரிபார்க்காத மேற்பார்வையாளன், அம்மாவை 'ஏய்' என்று கூப்பிட்ட டாக்டர். இத்தனை வருஷம் அதில் தன் பேர் இல்லை. அவள் திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, வாய் கோணி, 'ஓ'வென்று அழுதாள்.

"அம்மா. நான் சொன்னது தப்பு. அப்போ சொன்னதும், இப்போ சொன்னதும்."

"ஆமா, தப்புதான்" என்றாள் அம்மா. கேமராவைப் புரட்டிப் பார்த்தாள். "இது இன்னும் ஓடுமா?"

"உள்ள மிச்சம் இருக்கிறது ஓடும். ரெண்டு வெத்துக் கிளிக் போகணும்."

அம்மா சக்கரத்தை உருட்டி உருட்டித் தரையைப் பார்த்து இரண்டு தடவை அமுக்கினாள். பிறகு அதைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். சரியான பக்கம்தான். கிளிக்.

"என்னம்மா பண்றே!"

"கேட்டா காட்ட மாட்டேன்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை சோடா ரயில் நிலையத்துக்கே, ஃபிலிமைக் கழுவி எடுத்த படங்கள் இருந்த உறையோடு ஓடிவந்தாள், மூச்சிரைக்க. "விரிப்புப் படம் போச்சுடீ, வெள்ளையா வெந்துபோச்சு. சுருள்ல வெளிப்பக்கச் சுத்துல இருந்ததெல்லாம் காலி. உள்சுத்து தப்பிச்சிருக்கு. பாயைச் சுருட்டி மழையில போட்டா நடுவுல நனையாது இல்ல, அந்த மாதிரி. இதைப் பாரு, எண்ணே இல்லாதது. நான் வெத்தா அமுக்கினது."

படத்தின் இடது பாதி ஆரஞ்சு நிறத்தில் எரிந்துபோயிருந்தது. வலது பாதியில் சமையலறை. தொட்டி விளிம்பு சற்றுச் சாய்ந்திருக்க, முழங்கை வரை நுரையோடு, பல் போன இடமும் இருக்கிற இடமும் எல்லாம் தெரிய, அம்மா.

மிளகா அதை அம்மாவிடம் நீட்டினாள். மூன்று பேரும் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்தார்கள். அது பழக்கதோஷத்தில் படத்தின் கீழ் மூலைக்குப் போயிற்று. ஒரு தடவை அமுக்கியது. இன்னொரு தடவை அமுக்கியது.

"வேலை செய்யல ஆன்ட்டி" என்றாள் சோடா.

அப்பா எட்டிப்பார்த்தார். "கல்யாணமான புதுசுல இப்படித்தான் சிரிப்பா. வீடே அதிரும்."

"சும்மா இருங்க." அம்மா படத்தை மகள் கையில் திணித்தாள். "பத்திரமா வச்சுக்கோ. மடிச்சுடாதே."

உறையில் கடைசியாக ஒன்று இருந்தது. தரையில் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுகிற ஒருத்தி. தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது, வாய் மட்டும் முழுசாக விழுந்திருந்தது.

"ஐயோ, கண்றாவி! இதைக் கிழிச்சுடுறேன்."

அம்மா வெடுக்கென்று பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். "எடுத்தா எடுத்ததுதான். கடவுளே வந்தாலும் முடியாதாம்."

"அம்மா, குடும்மா!"

"நீ அங்க உன்னோடதை வச்சுக்கோ. நான் இங்க என்னோடதை வச்சுக்கிறேன்."

வண்டி ஊதியது. மிளகா ஏறி ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். நடைமேடையில் அப்பா விறைத்து நின்று ஒரு கையை ஆட்டினார். சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள், அநேகமாக எதுவும் தெரிந்திருக்காது. அம்மா ஏதோ கத்திச் சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.