வாத்தின் வாட்ச்

என் தங்கையை வீட்டில் வாத்து என்றுதான் கூப்பிடுவோம். நடக்கப் பழகிய வயதில் இடமும் வலமும் ஆடி ஆடி வருவாள், பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் ஓடினால் துரத்துகிற தெருநாய்கூடப் பாதியில் ‘போ தாயே’ என்று உட்கார்ந்துவிடும். ஆனாலும் வாத்து வாத்துதான்.

அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். நாள் முழுக்க அவள் நிற்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் உடம்பைப் பார்த்தாலே யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடலாம்.

அப்பா ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அதற்குப் பிறகுதான் இவளுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. தான் ஓடியதோடு விட்டாளா? சர்க்கரை டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது. பொரித்தது எதுவும் வாசலைத் தாண்டி வரக் கூடாது. என் தட்டில் பாதிக்கு வெள்ளரிக்காயும் கேரட்டும்.

“நான் என்ன முயலா?” என்று கத்தினேன்.

“முயலா இருந்தா பரவாயில்லையே. அது ஓடுது.”

அம்மாவும் அவள் கட்சி. வேனில் நான் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைக்கூட அம்மா மோப்பம் பிடித்து எடுத்துவிட்டாள். உழைத்துச் சம்பாதிக்கிறவன் ஒரு பிஸ்கட்டைத் திருடன் மாதிரி தின்ன வேண்டியிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

அவளுடைய ஓட்டக் குழுவில் ஒரு வழக்கம். எல்லார் கையிலும் ஒரு வாட்ச். யார் எவ்வளவு தூரம் ஓடினார், என்ன வேகம், இதயம் எப்படித் துடித்தது, எல்லாவற்றையும் அது கோச் மேடத்தின் போனுக்கு அனுப்பிவிடும். மேடம் காலையில் காபி குடித்துக்கொண்டே அத்தனை பேர் நெஞ்சையும் எட்டிப் பார்த்துவிடுவார். தொடர் ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நேரத்தில் ஒரு நாள் பயிற்சி விட்டாலும் போச்சு, இடம் அடுத்தவருக்கு. அந்த அணியில் சேரத்தான் வாத்து வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தாள்.

அணித் தேர்வு நெருங்கிய வாரத்தில் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே, எலும்பில், தொட்டாலே வலி.

“டாக்டர்கிட்ட போலாம் வா” என்றேன்.

“போனா ஓடாதன்னுதான் சொல்லுவார். ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்ணா. ஆனா வாட்ச் சும்மா கிடந்தா மேடம் கண்டுபிடிச்சிடுவாங்க.” கொஞ்சம் குழைந்தாள். “நாளைக்கு மெதுவா ஓடுற நாள்தான். நீ கட்டிக்கிட்டு பார்க்க சுத்திட்டு வாயேன்.”

“நானா? நான் கடைசியா ஓடினது பஸ்ஸைப் பிடிக்க. அதையும் விட்டுட்டேன்.”

“எவ்வளவு மெதுவா வேணா ஓடு. நிக்காம இருந்தா போதும்.”

அவள் கண் கலங்கியது. ஊரே எதிர்த்து நின்றாலும் சமாளிப்பேன், இது ஒன்றுதான் எனக்கு ஆகாது.

மறுநாள் பள்ளி விடுமுறை. வாட்சைக் கட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனேன். ஓடுவது என்ன பெரிய வித்தையா என்ற நினைப்பு முதல் வளைவிலேயே கழன்று விழுந்தது. நாக்கு தள்ளியது. காதுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கைத்தடியோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் “மெதுவா தம்பி, மெதுவா” என்றார். இதைவிட மெதுவாக என்றால் பின்னால்தான் போக வேண்டும். மானம் போனால் போகட்டும் என்று சுற்றி முடித்து, வீட்டுக்கு வந்து வாட்சைக் கழற்றாமலே தரையில் கட்டை மாதிரி விழுந்தேன்.

குளித்துவிட்டு வந்தபோது அழைப்பு மணி விடாமல் அடித்தது. வாசலில் கோச் மேடம். ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறு செருப்பு. வந்த வேகத்தில் வாத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா ஆச்சு உனக்கு? நடக்குற வேகம்தான் இருக்கு, இதயம் மட்டும் எகிறுது. நின்ன பிறகும் இறங்கவே இல்ல. காய்ச்சலோட ஓடினியா? போன் பண்ணா எடுக்க மாட்டியா?”

விரலை வைத்து நாடி பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம்.

“இப்ப அமைதியாத்தானே அடிக்குது! அப்ப வாட்ச்தான் கெட்டுப்போச்சு போல. விடு, வேற தர்றேன்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! வாட்ச் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மேடத்துக்குத் தெரியாமல் ‘ஆமான்னு சொல்லு’ என்று வாத்துக்குத் தலையாட்டினேன். ஒரே ஒரு ஆமாம். அவள் இடம் அவளுக்கு.

வாத்து ஆமாம் சொல்லவில்லை. மேடத்தின் போனை வாங்கிப் பார்த்தாள். மேலே போன இதயத் துடிப்பின் கோடு இறங்காமல் அப்படியே நின்றது. அதைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்தும் எனக்கு வியர்வை நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“வாட்ச் கெட்டுப்போகல மேடம்” என்றாள். “அது எங்க அண்ணனோட இதயம்.”

மேடம் திட்டியிருந்தால் தேவலை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உன் இடம் போச்சும்மா. மத்தத அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இவர வண்டியில ஏத்து.”

டாக்டர் ரத்த அழுத்தத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்தார். “இதோடயா இத்தன நாளா வேன் ஓட்டுனீங்க? பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு?” என்றார். என் வேனில் தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் வாயடிக்கும் ஒரு சின்னப் பெண் கண் முன்னால் வந்தாள். மாத்திரை, தினமும் நடை, அழுத்தம் இறங்கும்வரை வேன் சாவி வேறொருவரிடம்.

வாத்தின் காலையும் அங்கேயே பார்த்தார்கள். எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல். கட்டுப் போட்டுக்கொண்டு நடக்கலாம், ஓடக் கூடாது. “மேடம்கிட்ட வாயத் திறக்காம ரெஸ்ட் எடுத்திருந்தா தேர்வுக்குள்ள ஆறியிருக்குமா டாக்டர்?” என்று கேட்டாள். அவர் கட்டை இன்னும் ஒரு சுற்று சுற்றினார்.

வாட்சைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேடம் வாங்கவில்லை. “அவர் கையிலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

தேர்வு நாள் காலையில் நாங்கள் இருவரும் பார்க்கில் நடந்துகொண்டிருந்தோம், வாட்ச் என் கையில். தேர்வு நடக்கும் மைதானம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். விசில் சத்தம் கேட்டதும் வாத்து நடப்பதை நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

“அழுகையா வருதா?”

“ஆமா. ரொம்ப.” மறைக்காமல் அழுதாள். என் நெஞ்சு கனத்தது. மாத்திரைக்கெல்லாம் அடங்காத கனம்.

“ஒரு ஆமாம் சொல்லியிருந்தா நீ இப்ப அங்க நின்னுருப்ப.”

“நின்னுருப்பேன். வீட்டுல இன்னொரு நாற்காலி காலியாயிருக்கும்.” மூக்கை உறிஞ்சினாள். “போண்ணா, எதையாவது கேட்டுக்கிட்டு.”

அவள் தலையில் கையை வைத்தேன். தட்டிவிட்டாள். மறுபடி வைத்தேன், விட்டுவிட்டாள்.

அவள் போன் சிணுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அத்தனை களேபரத்துக்கு நடுவிலும், கோச் மேடம். வாத்து எனக்குக் காட்டினாள்.

‘ஏன் நின்னுட்டீங்க? நடங்க.’

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எந்திரி எந்திரி, மேடம் பாக்குறாங்க.”

எழுந்தேன். அவள் நொண்டினாள், நான் மூச்சு வாங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டு, இடமும் வலமும் ஆடி ஆடி, இன்னொரு சுற்று நடந்தோம்.