மாப்பிள்ளைக்குப் பத்தாவது அறிமுகம்

அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிறப்பு விருந்தினரை இன்னொரு எழுத்தாளர்தான் மேடையில் அறிமுகப்படுத்த வேண்டும். என் தங்கையின் கணவன் ஒன்பது முறை சிறப்பு விருந்தினர். ஒன்பது முறையும் அறிமுகப்படுத்தியவன் நான். வாயில் மாப்பிள்ளை என்பேன். மனதில் வெறும் ‘அவன், இவன்’தான்.

அவனைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: ‘கடலடி கேபிள் கப்பலில் பணியாற்றியவர்.’ பொய்யில்லை. ஏழு மாதம் ஸ்டோரில் இருந்தான். கையுறை, டேப், பேட்டரி எடுத்துக் கொடுக்கிற வேலை. அதே கப்பலில் கேபிளுக்குள் இருக்கும், முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை ஒட்டியவன் நான், பதினோரு வருடம். ஒரு கேபிளை இணைக்கப் பகல் முழுக்க ஆகும். கண்ணை எடுக்க முடியாது, வாய் மட்டும் சும்மா இருக்கும். அதனால் கதை சொல்வேன். அறுந்த கேபிளின் மறுமுனையில் யாருமே இல்லாதபோதும் செய்தி வந்துகொண்டிருக்கும் கதை. அவன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்பான்.

வேலையை விட்டவன் அடுத்த வருடமே அந்தக் கதைகளைப் புத்தகமாகப் போட்டான். என் தங்கையையும் கட்டிக்கொண்டான். நான் அடித்துத் திருத்தி என் புத்தகத்தைக் கொண்டுவர இன்னும் நாலு வருடம் ஆயிற்று. “உங்க மாப்பிள்ளை பாணி அப்படியே வந்திருக்கு” என்று பாராட்டினார்கள். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

பத்தாவது முறை போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கதைகள் என்னுடையவை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மைக்கைப் பிடித்தேன். முன் வரிசையில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கப்பல்ல இவர் கேபிளைத் தொட்டதே இல்லைங்க. ஸ்டோர்ல கையுறை எடுத்துக் கொடுத்தவர்” என்றேன்.

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த வரியைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

“மச்சான் சொல்றது நிஜம். அதுவும் பாதிதான் சொன்னார். அந்தக் கதையெல்லாமே இவர் சொன்னதுதான். நான் கேட்டேன், எழுதினேன். இத்தனை வருஷமா சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எப்பேர்ப்பட்ட மனசு, எப்பேர்ப்பட்ட அடக்கம் என்றார் மேடையில் எனக்குப் பின்னால் இருந்தவர். நான் சொல்ல வந்த உண்மையையும் அவனே தட்டிக்கொண்டு போய்விட்டான். தங்கை கண்ணைத் துடைத்தாள். பார்வை அவன் மேல் இருந்தது.

கையெழுத்து மேசையில் அவனுக்கு வாசல் வரை வரிசை. பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வரிசையிலிருந்து ஒரு பெண் விலகி நேராக என்னிடம் வந்தாள்.

“அந்தக் கதையெல்லாம் சொன்னது நீங்கதானே?”

“ஆமாம்மா” என்று பேனா மூடியைத் திறந்தேன்.

அவள் கைபேசியை நீட்டினாள். “சாரோட ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?”

அவன் சட்டென்று எழுந்தான். முகம் சுருங்கியிருந்தது. “மச்சான், நீங்களும் வந்து நில்லுங்க.”

“நான் நின்னா யாரு மாப்பிள்ளை எடுக்கறது?” என்றேன்.

கை நடுங்காமல் எடுத்தேன். பதினோரு வருடப் பழக்கம்.